ஏர்பிரஷ்ஷில் வார்னிஷ் அடிப்பது: ஸ்கேல் மாடல் செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டி, தேய்த்து, வண்ணம் தீட்டிய ஒரு மாடலைக் கடைசிப் பத்து நிமிடத்தில் பாழாக்கிக்கொள்ள வார்னிஷைப் போல வசதியான வழி வேறில்லை. நான் அப்படிப் பாழாக்கியவை நான்கு. இரண்டைக் காப்பாற்றினேன், ஒன்று அலமாரியின் பின்வரிசையில் இருக்கிறது, ஒன்று குப்பைக்குப் போனது. கீழே உள்ளவை பெரும்பாலும் புதிதாக ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் சிறு கருவி) வாங்கிய நண்பர்கள் கேட்டவை. எடுத்துக்காட்டாகப் பல இடங்களில் ஜப்பானின் டாமியா நிறுவனத்தின் 1/48 (உண்மையில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் மார்க் 1 போர் விமானத்தைச் சொல்லியிருக்கிறேன். இப்போது என் மேசையில் இருப்பது அதுதான்.

வார்னிஷ் அவசியம்தானா? பெயின்ட் அடித்ததோடு நிறுத்திக்கொண்டால் என்ன?

நிறுத்திக்கொள்ளலாம். டெகால் (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலக் குறி) ஒட்டாமல், அழுக்கு வேலை (புழங்கிப் பழசானது போலக் காட்டுவது) எதுவும் செய்யாமல், கண்ணாடி அலமாரிக்குள் வைக்கப்போகும் மாடலுக்கு வார்னிஷ் இல்லாமலே காலம் ஓடிவிடும். மற்றவற்றுக்கு அது மூன்று வேலை செய்கிறது. டெகால் உட்கார வழுவழுப்பான தரை போட்டுத் தருகிறது. பேனல் கோடுகளில் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடுகள்) ஓடவிடும் எனாமல் வாஷும் ஆயில் வாஷும் (மிகவும் நீர்க்கக் கரைத்த வண்ணங்கள்) அடியிலுள்ள பெயின்ட்டைத் தொடாமல் தடுக்கிறது. கடைசியில் எல்லாப் பரப்பையும் ஒரே மினுக்குக்குக் கொண்டுவருகிறது. இந்த மூன்றாவதைத்தான் பலர் கண்டுகொள்வதில்லை. பெயின்ட் ஒரு மினுக்கு, டெகால் ஒரு மினுக்கு, வாஷைத் துடைத்த இடம் இன்னொரு மினுக்கு என்று இருந்தால், எத்தனை நுணுக்கமாகச் செய்திருந்தாலும் பொம்மைக் களைதான் தெரியும்.

கடைசியில் மேட்தான் (பளபளப்பில்லாத பூச்சுதான்) வேண்டும். பிறகு நடுவில் எதற்குப் பளபளப்பு வார்னிஷ்?

மேட் பெயின்ட்டின் பரப்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உப்புத்தாள் போல மேடும் பள்ளமுமாக இருக்கும். அதன் மேல் விழும் ஒளி நாலாபுறமும் சிதறுவதால்தான் அது மேட்டாகத் தெரிகிறது. அங்கே டெகாலை வைத்தால் படலம் மேடுகளின் நுனியில் மட்டும் ஒட்டுகிறது, பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்கிறது. காய்ந்தபின் எழுத்தைச் சுற்றியிருக்கும் நிறமற்ற ஓரம் வெள்ளிச் சரிகை போல மின்னும். இதற்கு மாடல் உலகில் சில்வரிங் என்று பெயர். ஸ்பிட்ஃபயரின் இறக்கை மேலிருக்கும் பெரிய சிவப்பு-நீல வட்டத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. கரும்பச்சை மேல் ஒட்டும் பொடி எழுத்துக் குறிப்புகளில்தான் மானம் போகும். எழுத்து எள்ளளவு, அதைச் சுற்றியுள்ள படலம் விரல்நகம் அளவு.

பளபளப்புப் பூச்சு அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. அதன் மேல் மைக்ரோ செட், மைக்ரோ சால் போன்ற டெகால் திரவங்களைப் பயன்படுத்தினால் படலம் இளகிப் பேனல் கோட்டுக்குள்ளும் இறங்கிப் படியும். தேவைப்படுவது வழுவழுப்பு. கண்ணாடி போன்ற மினுக்கம் அதற்குக் கட்டாயமில்லை. லாக்கர் (வீரியமான கரைப்பானில் வந்து விரைவில் காயும்) பெயின்ட்டையே சொரசொரப்பில்லாமல் அடிக்கத் தெரிந்தவர்கள் இந்த அடுக்கைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நானும் சில சமயம் தாண்டுகிறேன்.

என் வழக்கமான வரிசை இது: பெயின்ட், பளபளப்பு, டெகால், டெகாலை மூட மறுபடி மெல்லிய பளபளப்பு, வாஷ், கடைசியாக மேட் அல்லது சாட்டின் (மேட்டுக்கும் பளபளப்புக்கும் இடைப்பட்டது).

கடையில் பத்து வகை இருக்கின்றன. எதை வாங்குவது?

பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். ஏர்பிரஷ்ஷுக்கு வருவது பெரும்பாலும் மூன்று குடும்பங்கள்தான்.

முதலாவது லாக்கர். மிஸ்டர் கலர் வரிசையின் ஜிஎக்ஸ்100 சூப்பர் கிளியர் 3, டாமியாவின் எல்பி-9 கிளியர் போன்றவை. மெல்லியதாகப் படியும், விரைவில் காயும், கெட்டியாக நிற்கும், மெருகேற்ற ஏற்றது. நெடிதான் ஆளைத் தூக்கும்.

இரண்டாவது, ஆல்கஹால் வகைக் கரைப்பானில் வரும் அக்ரிலிக். டாமியா எக்ஸ்-22 கிளியர் இதில்தான் சேரும். டாமியாவின் எக்ஸ்-20ஏ தின்னரிலும் கரையும், லாக்கர் தின்னரிலும் கரையும். இந்த இரட்டைக் குணத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். ஆனால் முழுதாக இறுகச் சோம்பல்படும். அடித்த மறுநாள் தொட்டால்கூடச் சில சமயம் விரல்ரேகை விழும்.

மூன்றாவது, தண்ணீரில் கரையும் அக்ரிலிக், பாலியூரித்தேன் வகைகள். ஸ்பெயின் நாட்டு வல்லேஹோவின் வார்னிஷ்கள் இந்தக் கூட்டம். நெடி குறைவு, வீட்டுக்குள் சண்டை வராது. ஆனால் ஊசி நுனியிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். தேய்த்து மெருகேற்ற முயன்றால் ரப்பர் போல உரிந்து வரும்.

முதல் வார்னிஷ் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எக்ஸ்-22 வாங்குங்கள். காற்றோட்டமும் முகமூடியும் இருக்கிறதென்றால் ஜிஎக்ஸ்100. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தண்ணீர் வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தரைக்குப் போடும் மெருகு திரவத்தை வார்னிஷாகப் பயன்படுத்துவார்களாமே?

பயன்படுத்தினார்கள். எஸ்.சி. ஜான்சன் நிறுவனம் அமெரிக்காவில் ஃபியூச்சர் என்றும் பிரிட்டனில் கிளியர் என்றும் விற்ற தரை மெருகு உண்மையில் ஒரு மெல்லிய அக்ரிலிக் திரவம். தின்னர் எதுவும் வேண்டாம். அப்படியே கிண்ணத்தில் ஊற்றி அடிக்கலாம். விமானியின் அறை மூடும் கண்ணாடியை அதில் முக்கி எடுத்தால் பிளாஸ்டிக் பளிங்கு போல ஆகிவிடும். பிடிக்காவிட்டால் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் அதைக் கழற்றிவிடும். ஒரு தலைமுறை மாடல்காரர்களே அதில்தான் வளர்ந்தார்கள். இப்போது அந்தத் தயாரிப்பு நின்றுவிட்டது. பழைய கட்டுரைகளில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருக்கும் ஏதோ ஒரு தரை திரவத்தை எடுத்து ஊற்றிவிடாதீர்கள். அவற்றில் பல மெழுகு வகை.

எதன் மேல் எதை அடிக்கலாம்?

வீரியமான கரைப்பான் அடியில், சாதுவானது மேலே. லாக்கர் பெயின்ட் மேல் எதையும் அடிக்கலாம். நன்கு காய்ந்த அக்ரிலிக் மேல் லாக்கர் வார்னிஷை மெல்லிய தூவலாகத் தொடங்கி அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கரை ஈரமாக அடித்தால் எனாமல் சுருங்கித் தோல் போல எழும்பிவிடும் வாய்ப்பு அதிகம். பிரைமர் இல்லாத வெறும் பிளாஸ்டிக் மேல் வீரியமான லாக்கர் தின்னரை அள்ளி ஊற்றினாலும் பிளாஸ்டிக்கே கரையத் தொடங்கும். சந்தேகம் இருந்தால், மாடலை அடிக்கும்போதே ஒரு பிளாஸ்டிக் கரண்டியையும் அதே பெயின்ட்டில் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். வார்னிஷ் முதலில் கரண்டிக்கு. பத்துக் கரண்டிகளின் விலையில் ஒரு மாடல் தப்பிக்கும் என்றால் லாபம்தான்.

தின்னர் எவ்வளவு கலக்க வேண்டும்?

பளபளப்பு லாக்கருக்கு நான் ஒரு பங்கு வார்னிஷுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு தின்னர் கலக்கிறேன். எக்ஸ்-22க்குச் சமபங்கில் தொடங்கி, கடைசி ஈரப்பூச்சுக்கு இன்னும் நீர்க்கச் செய்கிறேன். வல்லேஹோ வகையை அப்படியே அடிக்கலாம், அல்லது அதே நிறுவனத்தின் தின்னர் பத்துச் சொட்டுக்கு ஒன்றோ இரண்டோ போதும். அதில் ஆல்கஹாலை ஊற்றினால் கிண்ணத்திலேயே கட்டி தட்டிப்போகும்.

எந்தத் தின்னர் என்பது எவ்வளவு என்பதைவிடப் பெரிய கேள்வி. மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் உலர்வைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் கலந்திருக்கிறது. அடித்த படலம் உடனே இறுகாமல், மேடு தணிந்து பள்ளம் நிரம்பித் தானே சமமாக அதற்கு அவகாசம் கிடைக்கிறது. பளபளப்புக்கு வேண்டியது இந்த அவகாசம்தான். பெயின்ட் கடையில் லிட்டர் கணக்கில் கிடைக்கும் என்சி தின்னர் கருவி கழுவ அருமையானது. அதை வார்னிஷில் கலக்காதீர்கள்.

நாசில், அழுத்தம், தூரம் எல்லாம் எவ்வளவு?

0.3 மி.மீ. நாசில் (வார்னிஷ் வெளிவரும் முனைத் துளை) போதும். காரின் மேற்கூரை போன்ற அகன்ற பரப்புக்கு 0.5 இருந்தால் வசதி. 0.2-இல் மேட் வார்னிஷ் அடிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. அதிலுள்ள பொடி அடைத்துக்கொண்டே இருக்கும். அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. தூரம், ஈரப்பூச்சுக்கு 5 முதல் 8 செ.மீ., தூவலுக்கு இன்னும் கொஞ்சம் தள்ளி. இவையெல்லாம் தொடங்குவதற்கான எண்கள். உங்கள் கம்ப்ரஸரின் மீட்டரும் என் மீட்டரும் ஒரே பொய்யைச் சொல்லும் என்று உத்தரவாதம் இல்லை.

எண்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கையை எப்படி நகர்த்த வேண்டும்?

இதை எழுத்தில் சொல்வது கடினம், முயன்று பார்க்கிறேன்.

ஸ்பிட்ஃபயரை இடது கையில் ஒரு குச்சியில் செருகிப் பிடித்திருக்கிறேன். மேசை விளக்கை எதிரே தாழ்வாக வைத்து, அதன் ஒளி இறக்கையில் பட்டு என் கண்ணுக்குத் திரும்பும்படி மாடலைச் சாய்க்கிறேன். வண்ணத்தைப் பார்ப்பதில்லை, விளக்கின் பிம்பத்தை மட்டும் பார்க்கிறேன். முதல் சுற்று வெறும் தூவல். இறக்கை மேல் நெற்றி வியர்வை போலப் பொடிப் புள்ளிகள் படிகின்றன, பிம்பம் என்று எதுவும் இல்லை, ஒரு மங்கல் மட்டும். ஐந்து நிமிடம் விடுகிறேன். இரண்டாவது சுற்றிலும் அதே. இந்த இரண்டும் அடுத்து வரப்போகும் ஈரம் பிடித்து நிற்பதற்கான கால்.

மூன்றாவது சுற்றில் அருகே போகிறேன். இறக்கை நுனிக்கு வெளியே வெற்றுக் காற்றில் விசையை அழுத்தி, அடித்துக்கொண்டே உள்ளே வந்து, உடலைத் தாண்டி மறுபுறம் வெளியேறிய பிறகே விசையை விடுகிறேன். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரி அதன் மேல் பாதி ஏறி வருகிறது. இப்போது பிம்பத்தைப் பாருங்கள்: முதலில் பொடிப்பொடியாக உடைந்து தெரிகிறது, கருவி கடந்து போன அடுத்த நொடி அந்தப் பொடிகள் ஒன்றோடொன்று கைகோத்து விளக்கின் விளிம்பு கூர்மையாகிறது. அந்த இடம் முடிந்தது. அங்கே திரும்பப் போகக் கூடாது. இன்னும் ஒரே ஒரு முறை என்று கை போகும்; அந்த ஒரு முறையில்தான் வழிகிறது.

புதியவர்கள் கெடுப்பது பெரும்பாலும் பயத்தில். வழிந்துவிடுமோ என்று தள்ளி நின்று அடிக்கிறார்கள், துளிகள் வழியிலேயே பாதி காய்ந்து மணலாக வந்து விழுகின்றன. பளபளப்பு வரவில்லையே என்று மேலும் மேலும் மணலைக் கொட்டுகிறார்கள்.

மழைக்காலத்தில் வார்னிஷ் அடிக்கலாமா?

சென்னையில் இருந்துகொண்டு ஈரப்பதத்துக்கு அஞ்சினால் வருடத்தில் பாதி நாள் சும்மா உட்கார வேண்டியதுதான். ஆனாலும் வடகிழக்குப் பருவமழை நாட்களில் லாக்கரிடம் விளையாடாதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சில்லிடுகிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால், குளிர்ந்த தம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பது போல, அந்தப் படலத்தின் மேல் நீர் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. பளிங்கு போல இருக்க வேண்டிய இடம் பால் தெளித்தது போல வெளுக்கும். இதைப் பிளஷிங் என்பார்கள்.

எனக்கு இது ஒரு நவம்பர் இரவில் நடந்தது. கறுப்பு நிறக் கார், 1/24. ஜன்னலுக்கு வெளியே தூறல். என்னிடம் இருந்தது வேகமாக உலரும் தின்னர். மேற்கூரையை முடித்து பானெட்டுக்கு வருவதற்குள் மேற்கூரையில் விபூதி பூசியது போல ஆகிவிட்டது. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று ஐசோப்ரொபைல் ஆல்கஹால் புட்டியைக்கூட எடுத்துவிட்டேன். நல்லவேளை, மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போனேன். காலையில் வெயில் வந்திருந்தது. கிண்ணத்தில் வெறும் லெவலிங் தின்னரை ஊற்றி, வார்னிஷ் ஒரு சொட்டும் இல்லாமல், தள்ளி நின்று மெல்லத் தூவினேன். படலம் மீண்டும் இளகி, சிக்கிய ஈரத்தை வெளியே விட்டது. வெள்ளை, கண் முன்னாலேயே கறுப்புக்குள் கரைந்து போனது.

அதிலிருந்து ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். சுவரில் மாட்டிய ஈரப்பத மீட்டர் 80 சதவீதத்தைத் தாண்டினால் லாக்கர் இல்லை. 70-க்கு மேல் என்றால் ஏசியை முன்னதாக ஓடவிட்டு அறை காய்ந்த பிறகு அடிக்கிறேன். கம்ப்ரஸரின் நீர்ப்பிடிப்பானையும் அடிக்கடி திறந்து வடியுங்கள். குழாயில் சேர்ந்த நீர் திடீரென்று ஒரு சொட்டாகத் துப்பும், அதுவும் சரியாக மாடலின் மூக்கின் மேல்.

பரப்பு ஆரஞ்சுத் தோல் போல வருகிறது. என்ன தவறு?

துளிகள் சமமாகப் பரவுவதற்கு முன்பே காய்ந்துவிட்டன. வார்னிஷ் கெட்டியாக இருக்கலாம், தூரம் அதிகமாக இருக்கலாம், அழுத்தம் குறைந்து துளிகள் பெரிதாக விழுந்திருக்கலாம். நான் முதலில் சந்தேகப்படுவது கெட்டித்தன்மையை. தீவிரமில்லாத ஆரஞ்சுத் தோல் என்றால் மேலே நன்றாக நீர்த்த ஓர் ஈரப்பூச்சே அதைத் தணித்துவிடும். தடிப்பாக இருந்தால் முழுதாகக் காயவிட்டு, 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். விளிம்புகளில் கை வைக்காதீர்கள், அங்கேதான் முதலில் பெயின்ட் கிழியும்.

வழிந்துவிட்டது. துடைக்கலாமா?

கூடாது. கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வழிந்த பக்கம் மேலே வரும்படி மாடலைத் திருப்பிப் பிடித்தால் கொஞ்சம் திரும்பி ஓடும். ஓரத்தில் சொட்டாகத் தேங்கியிருந்தால் சுத்தமான தூரிகை நுனியால் அந்தச் சொட்டை மட்டும் உறிஞ்சி எடுக்கலாம். மற்றதெல்லாம் காய்ந்தபின் உப்புத்தாளின் வேலை.

தூசு, முடி, சின்னச் சின்னப் பள்ளங்கள்?

தூசுக்கு, அடிப்பதற்கு அரைமணி முன் தரையில் தண்ணீர் தெளித்துத் துடையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், அடித்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். விழுந்த முடியை ஈரத்தில் பிடுங்கப் போகாதீர்கள். மீன்கண் போல வட்ட வட்டமாக வார்னிஷ் விலகி நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. பெரும்பாலும் உங்கள் கட்டைவிரல்தான் குற்றவாளி. சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, அதன்பிறகு கையுறையோடு தொடுங்கள்.

டெகால் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிவிடுமா?

ஈரமாக அடித்தால் சுருங்கலாம், சில வகை டெகால்கள் வெடித்தும் போகும். முதலில் டெகால் முழுதாகக் காய வேண்டும். நான் ஓர் இரவு விடுகிறேன். பிறகு ஈரத்துணியால் ஒற்றி, டெகால் திரவத்தின் வெண்கறையையும் பசையையும் எடுத்துவிட வேண்டும். அதன்பின் தூவல், காத்திருப்பு, தூவல், காத்திருப்பு என்று நான்கு சுற்றாவது போன பிறகே லேசான ஈரம். டப்பா ஸ்ப்ரேயில் வரும் டாமியா டிஎஸ்-13 கிளியர் இந்த விஷயத்தில் மூர்க்கம். டெகால் மேல் அதைத் தொடாமலிருப்பது நல்லது. எக்ஸ்-22-ஐ எக்ஸ்-20ஏ தின்னரில் கரைத்து அடித்தால் இந்தக் கவலை வெகுவாகக் குறையும்.

மேட் அடித்தேன். சாம்பல் தூவியது போல வெள்ளையாகப் படிந்துவிட்டது. மாடல் போச்சா?

போகவில்லை. மேட் வார்னிஷ் என்பது கிளியரில் (நிறமற்ற வார்னிஷில்) மிதக்கும் நுண்ணிய சிலிக்கா பொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். புட்டியைச் சரியாகக் கலக்காமல் அடியில் தேங்கிய கூழை எடுத்தாலோ, தடிப்பாக அடித்தாலோ, மேட் போதவில்லை என்று டாமியா எக்ஸ்-21 ஃபிளாட் பேஸைக் கைபோன போக்கில் சேர்த்தாலோ பொடி அளவுக்கு மீறிவிடும். கரும்பச்சை, கறுப்பு போன்ற அடர் நிறங்களில் முகத்தில் அறைந்தது போலத் தெரியும். அதன் மேல் ஒரு பளபளப்புப் பூச்சு ஈரமாக அடியுங்கள். கிளியர் அந்தப் பொடியைச் சூழ்ந்து நிரப்பியதும் வெள்ளை பெரும்பாலும் மறைந்துவிடும். காய்ந்தபின் மேட்டை மறுபடி, இந்த முறை மெல்லியதாக.

புட்டியை இரண்டு நிமிடமாவது குச்சியால் கலக்குங்கள், குலுக்குவது போதாது. மேட் பூச்சு எந்த நிறத்தையும் ஒரு படி வெளுக்கவைக்கும், பளபளப்பு ஒரு படி ஆழமாக்கும் என்பதையும் நிறம் தேர்ந்தெடுக்கும்போதே கணக்கில் வையுங்கள்.

விமானியின் அறைக் கண்ணாடி மங்கிவிட்டது. ஏன்?

மாஸ்கிங் டேப்பை வெளிப்புறம் ஒட்டியிருப்பீர்கள், உட்புறத்தை மறந்திருப்பீர்கள். மேட்டின் பொடி பின்னாலுள்ள இடுக்கு வழியாகக் காக்பிட்டுக்குள் புகுந்து கண்ணாடியின் உட்பக்கம் படிந்துவிடும். திறப்புகளை ஈரமான டிஷ்யூ காகிதத்தால் அடையுங்கள்.

வெள்ளி, அலுமினிய நிறங்களுக்கு என்ன வார்னிஷ்?

முடிந்தால் எதுவும் வேண்டாம். வெற்று உலோகத் தோற்றத்தில் மேட் அடித்தால் அலுமினியம் செத்துச் சாம்பல் பெயின்ட் ஆகிவிடும். டெகாலுக்காகப் பூசியே ஆக வேண்டும் என்றால் ஆல்கிளாட் நிறுவனத்தின் அக்வா கிளாஸ் போன்ற தண்ணீர் வகைப் பளபளப்பை மெல்லியதாக, டெகால் வரும் இடங்களில் மட்டும் அடியுங்கள்.

கார் மாடலில் கண்ணாடி போன்ற பளபளப்பு எப்படி வருகிறது?

அது பாதி ஏர்பிரஷ், பாதி தேய்ப்பு. லாக்கர் கிளியர் மூன்று நான்கு ஈரப்பூச்சு. ஒரு வாரம் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். இந்த ஒரு வாரம்தான் யாராலும் முடிவதில்லை. பிறகு மைக்ரோமெஷ் துணிகளில் 3200-இல் தொடங்கி 12000 வரை தண்ணீரோடு தேய்த்து, டாமியாவின் பாலிஷிங் காம்பவுண்டில் ஃபைன், ஃபினிஷ் என்று முடிக்க வேண்டும். பூச்சைத் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். 1/24 அளவில் 0.1 மி.மீ. தடிமன் என்பது உண்மைக் காரில் 2.4 மி.மீ. அந்தக் கனத்தில் கதவு இடுக்குகளே மூடிப்போகும்.

இரண்டு பாகமாக வரும் 2கே யூரித்தேன் கிளியர் தேய்க்காமலே கண்ணாடி போல வரும். அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. உடலுக்கு ஒருமுறை ஒவ்வாமை பழகிவிட்டால் ஆஸ்துமா வரை போகும், திரும்ப வழியில்லை. பால்கனியில் துணி முகமூடியோடு இதை அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. சரியான பாதுகாப்பு ஏற்பாடு இல்லாதவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

மற்ற வார்னிஷ்களுக்கு என்ன முகமூடி?

கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகமூடி. என்95 துகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அணிந்திருக்கும்போதே தின்னர் வாசனை வந்தால் கார்ட்ரிட்ஜ் முடிந்துவிட்டது, அல்லது முகத்தில் சரியாகப் பொருந்தவில்லை. தண்ணீர் வகை என்றாலும் முகமூடி வேண்டும், நுரையீரலுக்குள் போகும் பிளாஸ்டிக் துளி அதிலும் உண்டு. ஸ்ப்ரே பூத்தின் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) குழாய் ஜன்னலுக்கு வெளியே போகட்டும். பக்கத்தில் சாமி விளக்கு எரியக் கூடாது. லாக்கர் ஆவி பற்றிக்கொள்ளும்.

அடித்து முடித்ததும் ஏர்பிரஷ்ஷை எப்படிக் கழுவுவது?

உடனே. வார்னிஷ் காய்ந்தால் நிறமே இல்லாததால் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாது, அடுத்த முறை விசை இறுகும்போதுதான் தெரியும். லாக்கருக்கும் எக்ஸ்-22க்கும் லாக்கர் தின்னர். தண்ணீர் வகைக்கு முதலில் தண்ணீர், பிறகு ஏர்பிரஷ் கிளீனர். நேரே தின்னரை ஊற்றினால் உள்ளே பிசின் போல உருண்டுவிடும். ஊசியைக் கழற்றித் துடையுங்கள். மலிவான கருவிகளில் சாதாரண ரப்பர் வளையம் இருந்தால் தின்னரில் ஊறவைக்காதீர்கள், உப்பிப்போகும்.

ஸ்பிட்ஃபயருக்குக் கடைசியில் எது? மேட்டா, சாட்டினா?

1940-இன் ஸ்பிட்ஃபயருக்கு மேட் என்று சொல்வார்கள். நான் சாட்டினும் மேட்டும் கலந்து, மேட் பக்கம் சாய்ந்த ஒரு பூச்சு அடிக்கிறேன். கையளவு பொருளில் முழு மேட் சுண்ணாம்பு போலத் தெரிகிறது என்பது என் கண். தூரத்தில் நிற்கும் விமானத்தின் மினுக்கு தணிந்துதான் தெரியும், ஆகவே மேட்தான் சரி என்று என் நண்பர் வாதாடுவார். டாங்கிகளுக்கு மேட் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

எப்போது கையில் எடுக்கலாம்?

மாடலை மூக்கருகே கொண்டு போங்கள். தின்னர் வாசனை கொஞ்சம் வந்தாலும் படலம் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, வைத்துவிடுங்கள். லாக்கர் அரைமணியில் தொடக் காய்ந்திருக்கும், ஆனால் மேலே டேப் ஒட்டவோ வாஷ் போடவோ ஓர் இரவு வேண்டும். எக்ஸ்-22க்கு இரண்டு நாள். நேற்று இரவு அடித்த கரண்டி பக்கத்தில் இருக்கிறதல்லவா, நகத்தை அதில் அழுத்திப் பாருங்கள்.